பழுது பார்ப்பதா, விற்பதா?

எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த வயதில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான் என்றால் நம் சங்கத்து அன்பர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எஞ்சின் போன ஒரு காரை வைத்துக்கொண்டு நான்கு மாதம் நான் பட்ட அவஸ்தை, உங்களில் சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் இருந்தது சான் ஸ்டார்ம் என்ற கார். பெயரையே கேள்விப்படாதவர்கள் பலர் இருப்பீர்கள். நம் பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனம் 1998-இல் வெளியிட்டது. இரண்டே பேர் உட்காரலாம். கண்ணாடி இழையால் ஆன உடல், மடக்கி வைக்கக்கூடிய துணிக்கூரை, பிரான்ஸ் நாட்டு ரெனோவின் 1149 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் கார்களே 80 குதிரைத்திறனைத் தாண்டுகின்றன. ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து, கூரையை மடக்கிவிட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தேவனஹள்ளிச் சாலையில் போகும்போது 60 குதிரைகளே அறுநூறாகத் தோன்றும்.

2003-இல், மூன்று வருடம் ஓடிய காராக, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது ஒரு பொதுத்துறை ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்கு ஓட்டி வந்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பையன் எங்கே உட்காருவான்?" என்பதுதான். பதில் இல்லை. கடைசியில் ஒரு ஞாயிறு அவள், மறு ஞாயிறு பையன் என்று முறை வைத்துக்கொண்டோம். மூவரும் சேர்ந்து அந்தக் காரில் ஒருநாளும் போனதில்லை. பையன் இப்போது புனாவில் இருக்கிறான்.

2025 ஜூன் மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது.

"என்னங்க, வெல்லப்பாகு கருகின மாதிரி ஒரு வாடை வருது. கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள்.

"இதோ தருமபுரி வந்துவிடும்," என்றேன் நான்.

ஏற்றம் முடிந்த சிறிது நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கியது. "பார்த்தாயா, சரியாகிவிட்டது," என்று வெற்றிப் புன்னகை வேறு. உண்மையில் நடந்தது என்னவென்றால், ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமும் ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியேறிவிட்டது. வெப்பத்தை அளக்கும் கருவி தண்ணீரில் தோய்ந்திருந்தால்தான் சரியாக அளக்கும். தொட்டுப் பார்க்கத் தண்ணீரே இல்லாதபோது முள் கீழே இறங்கத்தான் செய்யும். எஞ்சின் ஆறிவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் அது வெந்துகொண்டிருந்தது. தருமபுரிக்குச் சற்று முன்பே கடகடவென்று சத்தம், பிறகு இழுவை இல்லை, பிறகு நிசப்தம்.

அந்த ரப்பர் குழாயை மாற்றச் சொல்லி மெக்கானிக் முந்தின வருடமே சொல்லியிருந்தார். சில நூறு ரூபாய் வேலை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றது நான். ஆகவே குற்றம் காருடையது அல்ல, அதைச் செய்தவர்களுடையதும் அல்ல. முழுக்க என்னுடையது. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், என் தவறால் கெட்டது என்ற குற்ற உணர்ச்சியே பிறகு என் புத்தியை மறைத்தது. எப்படியாவது சரிசெய்தே ஆகவேண்டும் என்று தோன்றியதற்கு முக்கியக் காரணம் கார் மேலிருந்த ஆசை அல்ல, இந்த உறுத்தல்தான்.

காரை லாரியில் ஏற்றி பெங்களூர் கொண்டுவந்தோம். சிவாஜி நகரில் எனக்குப் பல வருடப் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்கவேண்டிய ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தது. "சார், ஆயிலும் தண்ணியும் கலந்துபோச்சு. ஹெட்டைக் கழட்டினாத்தான் மீதி தெரியும்," என்றார்.

கழட்டினார். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம். கீழேயுள்ள பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது அலுமினியத்தின் குணம். அளவு மீறிச் சூடானால் ஹெட் கோணிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போகும். அதோடு நின்றிருந்தால் ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைத்து, புதுக் கேஸ்கட் போட்டு ஓட்டிவிடலாம். என் காரில் இரண்டு சிலிண்டர்களில் கீறல் விழுந்து, கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்திருந்தன. "போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, முழு எஞ்சின் வேலை சார். ஒண்ணு அறுபது ஆகும். அதுவும் சாமான் கிடைச்சா," என்றார் பாய்.

சாமான் கிடைப்பதுதான் சங்கடம். இந்த எஞ்சின் வெளிநாட்டில் ட்விங்கோ, க்ளியோ கார்களில் ஓடிய வகை. அவை நம் ஊர்ச் சந்தைக்கு வரவில்லை. 2007-இல் இங்கே வந்த மஹிந்திரா-ரெனோ லோகனின் எஞ்சினோ வேறு குடும்பம், பிஸ்டன் பொருந்தாது. இன்ஷூரன்ஸ் உதவுமா என்று பாலிசியை எடுத்துப் படித்தேன். விபத்துக்குத் தருவார்கள், இயந்திரக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் இல்லை. பாலிசி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி ஆலோசனைகள். நம்மவர்களிடம் அதற்கா பஞ்சம்?

மாடி வீட்டு நண்பர், "ஒரு மாருதி எஞ்சினைத் தூக்கி வையுங்கள்," என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வேறு கம்பெனி எஞ்சின் வைத்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்கும் துணிவு எனக்கில்லை.

இன்னொருவர், "பழைய இரும்புக்குப் போடுங்கள்," என்றார். 2021-இல் வந்த விதிகளின்படி இப்போது அதற்கென்று பதிவுபெற்ற மையங்கள் உண்டு, சான்றிதழும் கொடுப்பார்கள். ஆனால் கண்ணாடி இழைக் காரில் இரும்பு எவ்வளவு தேறும்? தவிர, வேறு ஒருவர் உயிர் கொடுக்கக்கூடிய வண்டியை நசுக்கக் கொடுக்க மனம் வரவில்லை.

"இது அபூர்வமான கார், வின்டேஜ் ஆகிவிடும், வைத்திருங்கள்," என்றார் மூன்றாமவர். அதற்கான 2021 விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு. என் காருக்கு 25. அது வின்டேஜ் ஆகும்போது எனக்கு 93.

புனாவிலிருந்து பையன் ஒரே வரியில் சொன்னான்: "விற்காதீங்கப்பா."

இவர்கள் எல்லாரையும்விட விஷயம் தெரிந்தவர் ஒரு தரகர். "சார், ஒண்ணு அறுபது எதுக்கு? ஹெட்டை மட்டும் இழைச்சு, தடிமனான ஆயில் ஊத்தி, கசிவு அடைக்கிற மருந்து ஒரு பாட்டில் விட்டால் ஸ்டார்ட் ஆகும். இருபத்தஞ்சாயிரத்துல முடிச்சு, ஒண்ணு தொண்ணூறுக்குத் தள்ளிடலாம். ரெண்டு மாசம் கண்டிப்பா ஓடும். அப்புறம் வாங்கினவன் பாடு," என்றார்.

அவரைத் துரத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்," என்று அனுப்பினேன். அன்றிரவு தூங்காமல் கூட்டிக் கழித்தேன். ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் கைக்கு வரும். பழைய கார் வாங்குபவனுக்குத் தெரியாதா, அவன்தானே பார்த்து வாங்கவேண்டும் என்று என் மனமே எனக்கு வக்கீலாக வாதாடியது. காலையில் மனைவியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வாங்கறவன் அவன் பெண்டாட்டியை உட்கார வெச்சுக்கிட்டுத் தொப்பூர் ஏறுவானே," என்றாள். தரகருக்கு அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் போட உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். 'ஏற்கெனவே செலவழித்தாயிற்று என்பது மேலும் செலவழிக்கக் காரணமாகாது' என்று எத்தனை கோப்புகளில் குறிப்பெழுதியிருக்கிறேன்! சொந்தக் கார் என்றதும் வாங்கிய விலை, பெயின்ட் அடித்த செலவு, புதுத் துணிக்கூரை போட்ட செலவு என்று எல்லாவற்றையும் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தேன். அது போன பணம். பழுது பார்த்தாலும் வராது, விற்றாலும் வராது. ஆகவே அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தவை சில எண்கள்தான். மைசூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், ஓடாத நிலையிலேயே எழுபதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். முழுதாகச் சரிசெய்தால் அதிகபட்சம் இரண்டேகால் லட்சம் போகும் என்றார்கள்.

முதல் வழி, சரிசெய்து விற்பது. இரண்டேகால் லட்சத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் போனால் மிஞ்சுவது அறுபத்தையாயிரம். அப்படியே விற்றால் எழுபதாயிரம். நாலு மாதம் அலைந்து ஐயாயிரம் ரூபாய் நஷ்டப்படுவதற்கு ஒரு வேலையா? அதற்கு மேல் எஞ்சினில் வேறு ஏதாவது கிளம்பினால் அதுவும் என் தலையில். எஞ்சின் வேலைக்குப் போடும் பணம் விற்கும் விலையில் முழுதாகத் திரும்புவது மிகவும் அபூர்வம். வாங்குபவர் ஓடுகிற காருக்கு விலை கொடுப்பாரே தவிர, நம் பில்லுக்குக் கொடுக்கமாட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். எனவே விற்பதற்காகப் பழுது பார்க்கக் கூடாது என்பது என் முதல் முடிவு.

இரண்டாவது வழி, சரிசெய்து நானே ஓட்டுவது. இதற்கு ஆகும் செலவு ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றுதான் எல்லாரும் நினைப்போம். அது தவறு. விற்றால் வரக்கூடிய எழுபதாயிரத்தையும் நான் விட்டுக்கொடுக்கிறேன்; அதையும் சேர்க்க வேண்டும். பதிவுச் சான்று 2025 நவம்பரில் முடிகிறது. ஐந்து வருடம் புதுப்பிக்க வேண்டும். 15 வயது தாண்டிய காருக்கு இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆகக்கூடி 2,40,000 ரூபாய்.

இந்தத் தொகை அதிகமா, குறைவா? அதை இந்த எண் மட்டும் சொல்லாது. எத்தனை தடவை ஓட்டப்போகிறேன் என்பதால் வகுத்தால்தான் தெரியும். இங்கேதான் என் பழைய நோட்டு உதவியது. கணக்குக்காரன் புத்தி, காரை எடுத்த ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், கூட வந்தவர் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேசைமேல் விரித்து, மனைவியும் நானும் எண்ணினோம்.

2005-இல் 61 முறை. 2015-இல் 24 முறை. 2024-இல் 5 முறை.

ஐந்து! அதில் இரண்டு பாயின் பட்டறைக்குப் போய்வந்தது. நான் நம்பமாட்டேன் என்று மறுபடி எண்ணினேன். அதே ஐந்துதான். தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தேவனஹள்ளிச் சாலையில் விடியற்காலையிலேயே விமான நிலையக் கூட்டம். காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் வாரா வாரம் கார் ஓட்டுகிற ஆள் நான் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் பல வருடம் முன்பே காணாமல் போயிருந்தார்.

வருடத்துக்கு 5 வீதம் ஐந்து வருடத்தில் 25 சவாரி. 2,40,000-ஐ 25-ஆல் வகுத்தால், ஒரு சவாரிக்கு 9,600 ரூபாய். கடைசியில் விற்று ஏதோ கொஞ்சம் திரும்பும் என்று கழித்துக்கொண்டாலும் பெரிய மாறுதல் இல்லை. அதே கார் 2005-இல் கெட்டிருந்தால்? வருடம் 61 வீதம் 305 சவாரி. ஒன்றுக்கு ஏறத்தாழ 800 ரூபாய். அப்போது நான் மறுபேச்சு இல்லாமல் பழுது பார்த்திருப்பேன். அதுவே சரியான முடிவாகவும் இருந்திருக்கும். அதே கார், அதே பழுது, அதே செலவுதான். ஓட்டுகிற ஆள் மாறிவிட்டதால் விடையும் மாறுகிறது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது அதைத்தான்: உறை போட்டு மூடிவிட்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்பது. இதுவே இருப்பதில் மோசமானது. தண்ணீர் புகுந்த சிலிண்டரில் துரு பிடிக்கும். பெட்ரோல் கெடும். பாட்டரி சாகும். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகும். எலி ஒயரைக் கடிக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குத்தான். நின்ற கார் மாதா மாதம் விலை குறையும். ஒருநாள் பழுது பார்க்கவே முடியாததாகிவிடும்.

மைசூர் இளைஞருக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். ஹெட் கோணியது, கீறல் எந்த இரண்டு சிலிண்டரில், தண்ணீர் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினேன் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாயிடமிருந்து கழட்டிய பாகங்களையும் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். அவர் தாளைப் படித்துவிட்டு, "அங்கிள், எல்லாரும் நல்லா ஓடும்னுதான் சொல்வாங்க. என்ன கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்லை," என்றார். அவர் தொழிலே எஞ்சின் வேலை. கூலி கிடையாது, சாமான் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வயதும் இருக்கிறது. எனக்கு 9,600 ரூபாய் ஆகிற சவாரி அவருக்கு மிகக் குறைந்த செலவில் முடியும். அபூர்வமான கார் அழியக்கூடாது என்று கவலைப்பட்டவர்களுக்கும் இதுதான் பதில். என் உறைக்குள் இருப்பதைவிட அவர் கையில் அது நெடுநாள் வாழும்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் வாங்கியதும் விற்பனை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட்டு, பதிவுச் சான்றில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான் அக்டோபரிலேயே பெயர் மாற்றிவிட்டுத்தான் காரை ஒப்படைத்தேன்.

நோட்டையும் காரோடு அவருக்கே கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அதை பையனிடம் தொலைபேசியில் சொன்னபோது, விற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அந்த நோட்டை மட்டும் குடுத்துடாதீங்கப்பா. எனக்கு வேணும்," என்றான். இளைஞருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பையனுக்கு வேண்டியதும் கார் இல்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதில் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவன் பெயர் இருக்கிறது.

நம் சங்க உறுப்பினர்கள் வீடுகளுக்குப் போகும்போது பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் உறைக்குள் ஒரு பத்மினி, மாடிப்படிக்கு அடியில் ஒரு லாம்பிரெட்டா. "சரி பண்ணணும் சார்" என்கிறார்கள். தாராளமாகச் சரி பண்ணுங்கள், நீங்கள் ஓட்டப்போவதானால். இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி சொல்லி, ஓட்டப்போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். எது என்று தெரியவில்லையா? போன வருடம் எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோட்டு எழுதும் வழக்கம் இல்லாவிட்டால், வீட்டில் கேளுங்கள். அவர்களுக்குச் சரியாகத் தெரியும்.